வெண்டெல் கோட்டில் சுட்ட கரடி

மான் வேட்டை சீசன் தொடங்கும் அன்று காலையில் லாரல் ஃபோர்க் தீயணைப்பு நிலையக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. பள்ளத்தாக்கில் இருக்கிற அத்தனை பேரும் ஆரஞ்சு உடுப்போடு வந்து, பன்றிக் கொத்துக்கறியும் பக்வீட் மாவு அடையும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் காட்டுக்குள் போவார்கள். முன்பெல்லாம் அது திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை. இப்போது யாரோ புண்ணியவான் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டான். எதற்கு மாற்றினான் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எது மாறினாலும் அடை சுடும் ஆள் மட்டும் மாறவில்லை. இருபத்தைந்து வருடமாக ஆர்லீன் ஸ்டோவர்தான் அடுப்படியில் நிற்கிறாள்.

"என்ன ஆர்லீன், இந்த வருஷமும் உனக்கு அடுப்புதானா? நீயும் வந்தா மானுங்க கொஞ்சமாவது பயப்படுமே!" என்று தட்டை நீட்டினான் ரஸ், அவள் கணவனின் தம்பி.

"நான் வந்தா மான் பயப்படும் ரஸ். நீ போனா மரம்தான் பயப்படுது. போன வருஷம் மூணு மரத்தைச் சுட்டுட்டு வந்தியே, மறந்துட்டியா?"

கூடமே சிரித்தது. ரஸ்ஸும் சிரித்தான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான். ஆர்லீன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். தொட்டால் சிறை. ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன்.

1998 நவம்பரில் அவள் கணவன் வெண்டெல் கூரைக்குத் தகரம் அடிக்க ஏறி, அங்கிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அப்போதெல்லாம் எங்கள் பென்சில்வேனியாவில் கரடி வேட்டை மூன்றே மூன்று நாள். பதினோரு வருடமாகக் கரடிக்கு அலைந்து ஒன்றுகூடக் கிடைக்காத மனிதன் அவன். அந்த வருடத்துக்கும் லைசென்ஸ் வாங்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தான். முன்னறையில் கட்டிலைப் போட்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துப் பார்த்து வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டு கிடந்தான். அதைக் கேட்டுக்கொண்டு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

"நான் போயிட்டு வரேன்."

"உன்கிட்ட கரடி லைசென்ஸ் இல்லையேடி. மான் லைசென்ஸ் மட்டும்தானே வாங்கின?"

"கரடி வந்து லைசென்ஸைக் காட்டுன்னு கேக்கப் போகுதாக்கும்!"

அவளுடைய கோட்டு மெலிசு. வெளியே உறைபனி. வெண்டெலின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் லைசென்ஸை முதுகுப் பக்கம், எண் வெளியே தெரியும்படி ஊக்கு குத்தி மாட்ட வேண்டும். அவன் கோட்டின் முதுகில் அவன் லைசென்ஸ் குத்தியபடியே இருந்தது. அவள் அதைக் கழற்றவில்லை.

பத்து மணிக்குக் கரடி வந்தது. ஒரே குண்டு.

வீட்டில் ஒருத்தர் சுட்டதை இன்னொருத்தர் பேரில் காட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல. செய்தவர்கள் நிறைய, வாயைத் திறந்து சொன்னவர்கள் இல்லை. நானும் அதை நியாயம் என்று சொல்லவில்லை. தப்பு தப்புதான். ஆனால் மானை வீட்டிலேயே அறுத்துவிடலாம், கரடியை அப்படி முடியாது. சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். அங்கே எடை போடுவார்கள், வயது பார்க்க ஒரு சின்னப் பல்லைப் பிடுங்குவார்கள், யார் சுட்டது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். எங்கள் ஊரில் அந்த நிலையமும் இதே தீயணைப்புக் கூடத்து வாசல்தான்.

வனவிலங்கு அதிகாரி அவள் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"யார் சுட்டது?"

"வெண்டெல்."

"ஆள் எங்கே?"

"உடம்பு சரியில்லை. வீட்டுல இருக்காரு."

அவர் தாளை நகர்த்தினார். அவள் வெண்டெல் ஸ்டோவர் என்று கையெழுத்துப் போட்டாள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பின்னால் வரிசையில் நின்றிருந்த ரஸ், பாவி, சந்தோஷம் தாங்காமல் கத்தினான்: "எங்க அண்ணனைப் பாருங்கடா! இடுப்பு ஒடிஞ்சு, ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியாத மனுஷன் நானூறு பவுண்டு கரடியைச் சாய்ச்சிருக்கான்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

அன்றே கரடியும் போயிற்று, துப்பாக்கியும் போயிற்று. அரசுப் பதிவேட்டில் ஏமாற்றும் நோக்கத்தோடு பொய் எழுதியதாக வழக்கு. நீதிமன்றம் கொடுத்த வக்கீல் ஐந்து நிமிடம் பேசினார். "ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடும்மா, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல இருக்கலாம்" என்றார். போட்டாள். அபராதமும் இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார்கள். ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஏழு வருடம் வரை சிறை கொடுக்கலாமாம். கூட்டாட்சிச் சட்டம் எத்தனை வருடம் கொடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை, எத்தனை வருடம் கொடுத்திருக்கலாம் என்றுதான் பார்க்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஆயுசுக்கும் துப்பாக்கி கிடையாது. அந்த ஐந்து நிமிடத்தில் வக்கீல் சொல்ல மறந்தது இதைத்தான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் துப்பாக்கிக் கடையில் படிவத்தை நிரப்பும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யாருக்குத் தெரியப் போகுது ஆர்லீன், இல்லைன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே!"

"ஒரு தடவை பொய் எழுதினது போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதில் பெரிய கொடுமை வெண்டெலுக்குத்தான். அவள் இருக்கும் வீட்டில், அவள் கைக்கு எட்டும்படி துப்பாக்கி இருக்கவே கூடாது. அதனால் வெண்டெலின் துப்பாக்கிகள் எல்லாம் ரோட்டின் கீழ்க்கோடியில் இருந்த ரஸ் வீட்டுக்குப் போயின. எலும்பு கூடி எழுந்த பிறகு, ஒவ்வொரு சீசனுக்கும் அந்த மனிதன் தன் சொந்தத் துப்பாக்கியை வாங்கத் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "என் கரடிக்காகத்தானே போன" என்று மட்டும் எப்போதாவது சொல்வான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். எட்டு வருடத்துக்கு முன் நுரையீரல் கெட்டு அவன் இறந்தபோது, கீழ்ப்பிடியை இழுத்துக் குண்டேற்றும் தன் லீவர் ரைஃபிளை ஆர்லீனுக்கு என்று உயிலில் எழுதியிருந்தான். தன் பெயரில் இருக்கும் பொருளைத் தொட முடியாமல், மாதம் ஒருமுறை ரஸ் அதற்கு எண்ணெய் போடுவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவாள்.

அப்படியிருக்கும்போதுதான் உச்ச நீதிமன்றத்தில் ஒரு புதுத் தீர்ப்பு வந்தது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் இருக்கிறது, அதைத் தடுக்க வேண்டுமானால் நாடு பிறந்த காலத்திலிருந்தே அப்படித் தடுக்கும் வழக்கம் இருந்ததென்று அரசாங்கம்தான் காட்ட வேண்டும் என்று சொன்னது. ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் பேருந்தில் ஆறாம் வகுப்பில் மூன்று முறை வாந்தி எடுத்த டோபி மெட்ஸ்கர் இப்போது வக்கீல். நேரே அவனிடம் போனாள்.

"மிஸஸ் ஸ்டோவர், கவர்னருக்கு மனுப் போட்டு மன்னிப்பு வாங்கறது சுலபம். வழக்குன்னா வருஷக்கணக்கா இழுக்கும். தோத்தாலும் தோக்கலாம்."

"மன்னிப்பு அன்னைக்கே கேட்டாச்சு டோபி. அபராதமும் கட்டியாச்சு. இப்ப நான் கேக்கறது மன்னிப்பு இல்லை. அந்தத் திருத்தத்துல மக்கள்னு எழுதியிருக்கே, அதுல நான் உண்டா இல்லையா? அதை யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

டோபி கோப்பைத் திறந்தான்.

இரண்டு வருடம் இழுத்தது. ரஸ் தட்டை நீட்டிக் கேலி செய்த அந்தக் குளிர்காலத்தில், பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விசாரணை. பேருந்துக்கு மாற்று ஆளைச் சொல்லிவிட்டு, சர்ச்சுக்குப் போடும் நீல உடுப்பில் கிளம்பினாள். இரண்டு மணி நேரப் பயணம். ரஸ்தான் வண்டி ஓட்டினான். வழி நெடுக அவன் வாயை மூடிக்கொண்டு வந்தது அவளுக்கு நீதிமன்றத்தைவிடப் பயமாக இருந்தது.

நீதிபதி ஆம்புரோஸ் வயதானவர், காதில் கருவி வைத்திருந்தார், யாரும் முணுமுணுத்தால் பிடிக்காது. அரசுத் தரப்பில் மிஸ் விட்லாக் என்ற பெண் வக்கீல் எழுந்தாள். அவள் கெட்டவள் இல்லை, வேலையில் கெட்டிக்காரி. அதுதான் சிக்கல்.

"யுவர் ஆனர், இந்த நாட்டை உண்டாக்கினவங்க காலத்துல பொய்க் கையெழுத்துப் போட்டவனைத் தூக்குலயே போட்டாங்க. உயிரையே எடுக்கலாம்னா, துப்பாக்கியை எடுக்கறது அதைவிடச் சின்ன தண்டனைதானே?"

டோபி எழுந்தான். "தூக்குல தொங்கறவன் கையில துப்பாக்கி இருக்காதுங்கறது வாஸ்தவம்தான், யுவர் ஆனர். ஆனா தூக்குல போடாம விட்டவன் தண்டனை முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம், இனிமே சாகறவரைக்கும் தொடாதேன்னு சொன்ன சட்டம் எது? அப்படி ஒண்ணை எதிர்த்தரப்பு காட்டலை. அன்னைக்கும் வேட்டைச் சட்டம் இருந்தது. முறைதவறி வேட்டையாடினவன் கையில இருந்த துப்பாக்கியைப் பிடுங்கினாங்க. அந்த ஒரு துப்பாக்கியைத்தான். மறுநாள் அவன் வேற வாங்கிக்கலாம். மிஸஸ் ஸ்டோவர்கிட்ட தொண்ணூத்தெட்டுலயே பிடுங்கியாச்சு."

"அந்தச் சட்டங்கள் எல்லா மாகாணத்துலயும் இருந்ததா, சிலதுலயா?" என்று நீதிபதி கேட்டார். இருவரும் மாறி மாறிப் பழைய சட்டங்களை எடுத்துப் போட்டார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்துப்போனவர்கள் எல்லாம் ஆர்லீனைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒன்றரை மணி நேரம் வாதம். உயிரோடு உட்கார்ந்திருந்தவளை அதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் மிஸ் விட்லாக் வேறு பக்கம் திரும்பினாள். "இதெல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான், யுவர் ஆனர். நம்பிக்கை. நம்ப முடியாதவங்க கையில ஆயுதம் இருக்கக் கூடாதுன்னு நம்ம முன்னோர் எப்பவும் நினைச்சாங்க. இந்த அம்மா ஆயுதத்தைப் பயன்படுத்தினதை மறைக்கவே அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதினவங்க. இவங்க வார்த்தையை எப்படி நம்பறது?"

ஆர்லீனுக்குக் காது சுட்டது. இருபத்தைந்து வருடமாக அவளே தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

சாட்சிக் கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். டோபி கேட்ட கேள்விகளுக்கு, நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் மலைப்பாதையில் பத்தொன்பது வருடம் ஓட்டியதை, ஒரு கீறல்கூட விழாததைச் சொன்னாள். "பிள்ளைங்களை என்னை நம்பிக் குடுக்கறாங்க" என்றாள். நன்றாகத்தான் போனது. பிறகு மிஸ் விட்லாக் வந்தாள்.

"தண்டனைக்கு அப்புறம், இத்தனை வருஷத்துல, எப்பவாவது துப்பாக்கியைக் கையில எடுத்திருக்கீங்களா?"

சடங்குக்குக் கேட்ட கேள்வி அது. இல்லை என்ற பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவோடு அவள் தயாராகவே இருந்தாள். ஆர்லீன் டோபியைத் திரும்பிப் பார்த்தாள். டோபி தலையை நிமிர்த்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. இப்படி ஒன்று நடந்ததை அவனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

துள்ளி எழுந்தான். "யுவர் ஆனர், தன்னைத் தானே குற்றத்துல மாட்டிவிடற கேள்விக்கு என் கட்சிக்காரர் பதில் சொல்லத் தேவையில்லை. ஐந்தாம் திருத்தம் அந்த உரிமையைக் குடுத்திருக்கு."

நீதிபதி அவள் பக்கம் திரும்பினார். "புரியுதாம்மா? நீங்க பதில் சொல்லாம இருக்கலாம். அரசியலமைப்பு உங்களுக்குக் குடுத்திருக்கற உரிமை அது."

"அது எனக்கு வேண்டாங்க ஐயா. நான் கேட்டு வந்தது ஐந்தாவது இல்லை, இரண்டாவது."

பின் வரிசையில் யாரோ பொறுக்க முடியாமல் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "சரி, சொல்லுங்க" என்றார்.

"ஆமா, எடுத்திருக்கேன். ஒரு தடவை. ஒன்பது வருஷம் ஆச்சு, மார்ச் மாசம். பஸ்ஸுல திரும்பிட்டிருந்தேன். எனக்கு முன்னாடி மரம் ஏத்திட்டுப் போன லாரி ஒரு பெண்மானை அடிச்சிருச்சு. பின்னங்கால் ரெண்டும் போச்சு. முன்னங்காலால ரோட்டுல இழுத்துக்கிட்டுக் கத்துது. மான் கத்தி நீங்க கேட்டிருக்கீங்களா மேடம்? கேக்காம இருக்கறதே நல்லது. லாரிக்காரன்கிட்ட ரைஃபிள் இருந்தது, ஆனா அவன் கை நடுங்கற நடுக்கத்துல குண்டைக்கூடப் போட முடியலை. நான் வாங்கினேன், ஒரு குண்டு, திருப்பிக் குடுத்துட்டேன்."

"பஸ்ஸுல பிள்ளைங்க இருந்தாங்களா?"

"கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் ஆயிருந்தது."

"சட்டத்தை மீறறோம்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"மறுபடியும் அப்படி நடந்தா?"

ஆர்லீன் யோசித்தாள். அவளுக்கு வேண்டியது எல்லாம் இந்தப் பதிலில் இருக்கிறது என்று தெரிந்தே யோசித்தாள். "செய்வேன். செஞ்சுட்டு, கேட்டா செஞ்சேன்னு சொல்வேன். முதல் தடவை அதைத்தான் நான் சொல்லலை."

மிஸ் விட்லாக் பேனாவை மூடினாள். "வேற கேள்வி இல்லை, யுவர் ஆனர்."

வெளியே தாழ்வாரத்தில் டோபி வெளுத்துப்போய் நின்றான். "அந்தக் குற்றத்துக்கு வழக்குப் போட அஞ்சு வருஷம்தான் கெடு, மிஸஸ் ஸ்டோவர். தாண்டிருச்சு, பிழைச்சோம். இல்லைன்னா இங்கிருந்தே விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. கெடு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"தெரியாது."

டோபி சுவரில் சாய்ந்துவிட்டான். "நாம தோத்துட்டோம்னு நினைக்கறேன்."

"தோத்தா தோக்கட்டும். என்னைத் தெரிஞ்சுக்கிட்டுத் தோக்கடிக்கட்டும்."

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்ததும் ரஸ் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இருபத்தஞ்சு வருஷமா சொல்லணும்னு இருக்கேன் ஆர்லீன். அன்னைக்கு வரிசையில வாயைத் திறந்தது நான். உன் வாழ்க்கையில மண்ணைப் போட்டது நான்." அவன் அழுதான். அறுபத்திரண்டு வயது ஆள், தேம்பித் தேம்பி அழுதான்.

"நீ உண்மையைத்தானேடா சொன்ன? பொய் சொன்னவ நான். கண்ணைத் துடைச்சுட்டு வண்டியை எடு, எனக்குப் பசிக்குது."

மே மாதம் தீர்ப்பு வந்தது. டோபி போனிலேயே படித்துக் காட்டினான். இருபத்தெட்டுப் பக்கத்தில் இருபத்தைந்து பக்கம் பழைய சட்டங்கள்தான். அவளைப் போன்றவளை ஆயுசுக்கும் தடுக்கும் வழக்கம் இருந்ததாக அரசு காட்டவில்லை, ஆகவே அந்தத் தடை அவளுக்குப் பொருந்தாது. நம்பிக்கையைப் பற்றி ஒரே பத்தி இருந்தது. வாயைத் திறக்காமலிருக்க உரிமை இருந்தும், தன் வழக்கே கெடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னவரின் வார்த்தையை நம்ப முடியாது என்று இந்த நீதிமன்றத்தால் சொல்ல இயலாது. அதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். டோபி படித்துவிட்டு, மேல்முறையீட்டுக்கு அரசாங்கத்துக்கு அறுபது நாள் உண்டு, அதுவரை துப்பாக்கிப் பக்கமே போகாதீர்கள் என்று எச்சரித்தான்.

அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அறுபத்தோராம் நாள் காலை, அவள் காபி போடுவதற்குள் ரஸ் வாசலில் நின்றான், கையில் அந்த லீவர் ரைஃபிளோடு. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். போதாதென்று உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கினாள்.

அந்த நவம்பரில் கரடி லைசென்ஸ் வாங்கினாள், தன் பெயரில். வெண்டெலின் கோட்டைத்தான் மாட்டிக்கொண்டாள். முதுகில் லைசென்ஸ் குத்தும் சட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஊக்கு குத்திய துளைகள் மட்டும் துணியில் இருந்தன. முதல் இரண்டு நாளும் ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது.

தீயணைப்புக் கூடத்து வாசலில் வரிசை நீளமாக இருந்தது. ரஸ் பின்னால்தான் நின்றான், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். எடை போட்டார்கள், முன்னூற்று முப்பது பவுண்டு. பல்லைப் பிடுங்கினார்கள். அதிகாரி இளவயதுக்காரர், ஊருக்குப் புதிது, அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"யார் சுட்டது?"

"நான்தான்" என்றாள் ஆர்லீன். கூடத்துக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அவர் தாளை நகர்த்தினார். அவள் பேனாவை வாங்கி, ஆர்லீன் ஸ்டோவர் என்று, ஓர் எழுத்தும் இன்னொன்றோடு ஒட்டாமல் நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.